எல்லாம் வந்துவிட்டது என்று சொன்ன நாள்

போன வாரம், இப்போது மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒருவர் போன் செய்து, நகலெடுக்கும் பேக்கப் மென்பொருளுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா வேண்டாமா என்று கேட்டார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் இதையெல்லாம் கேட்கும் அளவுக்கு இன்னும் மரியாதை இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. தாராளமாகப் போடுங்கள் என்றேன். போட்ட பிறகு என்ன பார்ப்பீர்கள் என்றும் கேட்டேன். "காலைல ரிப்போர்ட் வரும் சார். எல்லாம் சக்ஸஸ்னு இருக்குதான்னு பார்த்துப்போம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசலாக ஒரு காலத்தில் நான் சொன்ன அதே வாக்கியம். போனில் விளக்க முடியாத கதை அது, அதனால் எழுதுகிறேன்.

நான் திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். பிரிவு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். திருத்தணியில் நான், அரக்கோணம் கிளையில் தினேஷ், ஆளுக்கொரு ஏசி அறை, அவ்வளவுதான். மணவூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு, ரிப்போர்ட்டைத் திறப்பேன். ராத்திரி எந்தெந்த நகலெடுப்பு வேலை ஓடியது, முடிந்ததா இல்லையா என்று மென்பொருளே எழுதி அனுப்பும் கடிதம் அது. ஏழு வரி இருக்கும். ஏழும் பச்சையாக இருந்தால் அன்றைய பொழுது நன்றாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை.

எங்களிடம் இருந்தது இரண்டு விதமான சரக்கு. ஒன்று, நோயாளியின் பெயர், வயது, ரத்த வகை, எந்தத் தேதியில் வந்தார் என்கிற விவரங்கள். இவை சின்னவை. மணிக்கொரு தடவை இங்கேயே ஒரு நகல், அரக்கோணத்தில் ஒரு நகல். இன்னொன்று, நோயாளிகள் வெளியிலிருந்து கொண்டுவரும் காகிதங்களை ஸ்கேன் செய்து வைத்த படங்கள். மற்ற மருத்துவமனைகளின் கடிதம், வெளி லேப் ரிப்போர்ட், அது இது. இவை பூதாகரமாக இருக்கும். இவற்றுக்கு இங்கே இடமில்லாததால் ஒரே ஒரு நகல், அதுவும் அரக்கோணத்தில். இங்கே ஒரு படம் ஏறினால் அங்கேயும் போய் ஏறிவிடும். ரெப்ளிகேஷன் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரே நகலை நம்பி இருந்தது தப்பு என்று உங்களுக்கு இப்போதே தோன்றுகிறது. எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஆடிக் கிருத்திகை எப்படி இருக்கும் என்று தெரியாது. பரணி அன்றே ஊர் நிரம்பிவிடும். காவடிக்குப் பின்னால் காவடி வந்துகொண்டே இருக்கும். செல்போனில் ஒரு மெசேஜ் போய்ச் சேருவதற்குள் அனுப்பியவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். எங்கள் இன்டர்நெட் லைனும் அந்த நாட்களில் மூச்சுத் திணறும். ஆகவே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பரணி அன்று காலை அந்தப் பெரிய படங்களின் ரெப்ளிகேஷனை மட்டும் கையால் நிறுத்திவைப்போம். தெப்பம் முடிந்து கூட்டம் கலைந்ததும் திரும்ப ஓட விடுவோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. திருவிழாவுக்காக ஊருக்குள் வண்டிகளை விடமாட்டார்கள். வெளிநோயாளிகள் வர முடியாது, அவசர கேஸ் மட்டும்தான். சர்வரில் கை வைக்க வருடத்தில் அதைவிட நல்ல நேரம் கிடையாது. அதனால் அப்டேட் எல்லாம் அப்போதுதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல வழக்கங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்துச் செய்கிறோம் என்பது மட்டும் பல வருடமாக என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த வருடமும் பரணி அன்று நிறுத்தினேன். மறுநாள் அப்டேட் போட்டேன். புதுத் திரை அழகாக இருந்தது. பழைய திரையில் நிறுத்திவைத்த வேலைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் குறி உறுத்திக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு வருடமும் தெப்பம் முடிந்ததும் திரும்ப ஓட விடுவேன். புதுத் திரையில் ஓடுகிற வேலைகள் மட்டும் முன்னால் நின்றன. நிறுத்தியவற்றை உள்ளே ஒரு மடிப்பில் தள்ளிவிட்டார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் பச்சை. ஏழு வரிக்குப் பதிலாக ஆறு வரி. நான் எண்ணவில்லை, தினேஷும் எண்ணவில்லை. பச்சையைப் பார்த்தோம், டீ குடித்தோம். உறுத்த மஞ்சள் குறி இல்லாததால், தெப்பம் முடிந்ததும் அதைத் திரும்ப ஓட விட மறந்தேபோனேன். இப்படியே எட்டு மாதம் போனது.

இதைப் படித்துவிட்டு அப்டேட்டே வேண்டாம் என்று யாராவது முடிவு கட்டினால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு லேபில் வருடக்கணக்காக எதையும் புதுப்பிக்காமல் விட்டு, ஒருநாள் எவனோ இன்டர்நெட் வழியாகப் புகுந்து அத்தனையையும் பூட்டுப் போட்டுவிட்டுப் போனான். புதுப்பிக்காமல் இருப்பது சோம்பேறித்தனம். அதைப் பத்திரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பங்குனியில் ஒரு காலை. மின்சாரம் போய் வந்து, மறுபடி போய் வந்ததில் எங்கள் சர்வரின் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து போயின. எனக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை, உண்மையைச் சொன்னால் ஒருவித உற்சாகம்கூட. இத்தனை வருடம் நகல் எடுத்து வைத்தது இதற்குத்தானே. வேறொரு மெஷினில் விவரங்களை ஏற்றினேன், படங்களுக்கு அரக்கோணத்து நகலை இணைத்தேன். பதினோரு மணிக்குள் எல்லாத் திரைகளும் திறந்தன. சரிபார்க்க நான் எப்போதும் திறப்பது மூன்று நோயாளிகளின் பக்கங்களை. பட்டியலில் முதலில் இருப்பவர்கள், பல வருடத்துக்கு முன்பே பதிவு செய்தவர்கள். மூவரின் பெயரும் வந்தது, மூவரின் பழைய காகிதங்களும் வந்தன. 'முழுமையாக மீட்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிர்வாகி தோளில் தட்டிக் கொடுத்தார்.

அதன்பின் முதல் மாடியில் ரத்த வங்கிக்குப் போனேன். லேபிள் அடிக்கும் பிரிண்டர் புது மெஷினோடு பேசவில்லை. ரத்த வங்கியைப் பார்த்துக்கொண்டவர் ரெபேக்கா மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வேலையில் என்னைவிடப் பத்து மடங்கு கறார். நான் பிரிண்டரின் வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தபோது மேலே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவசரச் சீட்டு வந்தது. பள்ளிப்பட்டிலிருந்து ஆம்புலன்ஸில் வந்த சுகுணா என்கிற பெண். பிரசவத்தில் சிக்கல், வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ரத்தப்போக்கு அதிகம், ரத்தம் வேண்டும்.

ரெபேக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தார். ரத்த வகை இருந்தது, ஆவணியில் பதிவு செய்த தேதி இருந்தது. கீழே காகிதங்களுக்கான இடம் காலியாக இருந்தது.

"சார், இந்தப் பொண்ணுக்கு ஒரு பேப்பர் இருந்துச்சே. சென்னைல ஏதோ லேப்ல குடுத்த லெட்டர். ஸ்கேன் பண்ணி ஏத்தறப்ப நான்தான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன்."

"எல்லாம் வந்துடுச்சு மேடம். இப்பதான் செக் பண்ணிட்டு வரேன்."

"இல்லீங்க, எனக்கு நல்லா ஞாபகம்."

"வேற யாரோடதாவது இருக்கும் மேடம். சிஸ்டத்துல இல்லன்னா இல்லதான்."

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன். ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்திருக்கும். அவர் ஒரு நிமிடம் திரையையே பார்த்தார். பிறகு "ஆங், சரிங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் ரத்தத்தோடு பையின் ரத்தத்தைச் சேர்த்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை ஆரம்பித்தார். பிரிண்டர் வேலை செய்தது. நான் என் அறைக்கு இறங்கி வந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் முகம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ரெபேக்கா சும்மா சொல்கிறவர் இல்லை. அவர் நினைத்தது தப்பு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள ஒரு வேலை செய்தேன். என் பக்கத்தைத் திறந்தேன். கார்த்திகை மாதத்தில் என் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துப் படம் எடுத்திருந்தார்கள், வெளி மருத்துவமனையில். அந்தக் காகிதத்தை நானே என் கையால் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தேன். அது அங்கே இல்லை.

காகிதங்களை மட்டும் தேதி வாரியாக வரிசைப்படுத்தினேன். மொத்த மருத்துவமனைக்கும் கடைசிக் காகிதம் பரணிக்கு முதல் நாள் ஏறியது. அதற்குப் பின் எட்டு மாதத்துக்கு ஒரு காகிதம்கூட இல்லை. அப்போதுதான் மஞ்சள் குறி ஞாபகம் வந்தது. கை கால் ஓடவில்லை என்பார்களே, அது பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். மௌஸைப் பிடித்திருந்த கை உண்மையாகவே நகரவில்லை.

இனி வருவதை அன்றைக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை. பின்னால் மருத்துவமனை நடத்திய விசாரணையின் அறிக்கையிலும் இல்லை. நான் உடனே ஓடவில்லை. முதலில் தினேஷுக்குப் போன் செய்தேன்.

"தினேஷ், அந்த ஸ்கேன் வேலை ஓடுதா பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "சார், அது லிஸ்ட்லயே இல்லயே" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள கீது சார். நிறுத்துனபடியே கீது. ஆடிலேருந்து" என்றான்.

அதற்கப்புறமும் நான் ஓடவில்லை. செத்துப்போன டிஸ்க்குகளை எடுத்து இன்னொரு மெஷினில் செருகிப் பார்த்தேன். எப்படியாவது படித்துவிட முடிந்தால், யாருக்கும் தெரியாமல் காகிதங்களைத் திரும்ப ஏற்றிவிடலாம். நான் போட்ட கையெழுத்தும் பொய்யாகாது. பத்து நிமிடம் அதில் போனது. மேலே ஒரு பெண் ரத்தம் போய்க்கொண்டு கிடக்கிறாள், நான் கீழே என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டிஸ்க் சத்தம்கூட போடவில்லை. எழுந்து முதல் மாடிக்கு ஓடினேன்.

"மேடம், நீங்க சொன்ன பேப்பர் இருந்திருக்கலாம். எட்டு மாசமா ஏத்தின பேப்பர் எதுவுமே இல்ல. தப்பு என்னோடது."

ரெபேக்கா எழுந்து நின்றுவிட்டார். "பை மேல போயிடுச்சு சார். டெஸ்ட்ல சுத்தமா ஒத்துப்போச்சு, அனுப்பிட்டேன்" என்றார்.

இருவரும் படியில் ஓடினோம். தியேட்டர் கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். ஆபரேஷன் செய்துகொண்டிருந்த பெரிய டாக்டரம்மா தலையைத் திருப்பாமலே யார் என்று கேட்டார். கதவு இடுக்கில் ரத்தப் பை தொங்குவது தெரிந்தது. கால் பங்கு இறங்கியிருந்தது. நான் ஏதோ சர்வர், ரெப்ளிகேஷன், அப்டேட் என்று உளறினேன். இது ஞாபகம் இருக்கட்டும், நெருக்கடியில் நம் ஆட்கள் எல்லோரும் செய்வது இது. காரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு. உங்களுக்கு என்ன தெரியுமோ அத மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு லேப் லெட்டர் இருந்துச்சுன்னு மேடம் சொன்னாங்க. இல்லன்னு நான் சொன்னேன். நான் சொன்னது பொய். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"ரெபேக்கா?"

"ரத்தம் சம்பந்தமானதுதான் டாக்டர். சிவப்பு மையில கோடு போட்டிருந்தாங்க. அவ்ளோதான் ஞாபகம்."

அந்த அம்மாவின் நிலைமையில் என்னை வைத்துப் பார்க்க எனக்கு இன்றும் தைரியமில்லை. ரத்தத்தை நிறுத்தினால் ரத்தப்போக்கில் போய்விடலாம். நிறுத்தாவிட்டால் ஏற்றுகிற ரத்தமே கொன்றுவிடலாம். கையில் இருப்பது ஒருத்தரின் அரைகுறை ஞாபகமும் ஒருத்தனின் ஒப்புதலும். "பையை மூடுங்க. சலைன் போடுங்க. பேப்பரக் கண்டுபிடிங்க" என்றார்.

வராந்தாவின் பெஞ்சில் சுகுணாவின் கணவர் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். பள்ளிப்பட்டில் தறி வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்தவர், நாங்கள் கதவில் நின்று பேசியது காதில் விழுந்து பேயறைந்த மாதிரி எழுந்து நின்றார். சென்னை லேப் கடிதம் எங்கே என்று கேட்டேன்.

"வூட்ல பீரோல கீது சார்."

"ஏங்க எடுத்துகினு வரல?"

"நீங்கதான சார் சொன்னீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே பேப்பர் தூக்கினு அலைய வேணாம்னு. போர்டே மாட்டி வச்சிருக்கீங்களே கீழ."

மாட்டி வைத்திருந்தோம். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

"வீட்ல யார் இருக்காங்க?"

"பாவா இருக்காரு." அக்காள் கணவர். போனைப் போட்டு, "பாவா, பீரோ" என்றவர் அதற்குமேல் தெலுங்கில் கத்தினார். சாவி எங்கே என்பதில் கொஞ்ச நேரம் போனது. பீரோவை உடைக்கச் சொல்லிவிட்டார். தகரம் கிழியும் சத்தம் போனில் எனக்கே கேட்டது. பிறகு படம் வந்தது. மங்கலாக, ஓரம் வெட்டுப்பட்டு. இரண்டாவது படம் தெளிவாக வந்தது.

ரெபேக்கா அதைத் தியேட்டர் வாசலில் நின்று உரக்கப் படித்தார். முந்தின வருடம் கரு கலைந்தபோது சுகுணாவுக்கு வேறெங்கோ ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ரத்த அணுக்களில் இருந்த ஓர் அடையாளத்துக்கு எதிராக அவள் உடம்பு ஓர் எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொண்டுவிட்டது. அந்த அடையாளம் உள்ள ரத்தம் அவளுக்கு மறுபடி ஏறினால் உடம்பே அதைத் தாக்கி உடைக்கும். அதற்குக் கீழேதான் சிவப்புக் கோடு. மாதங்கள் போகப் போக இது பரிசோதனையில் தெரியாமல் மறைந்துவிடலாம், பரிசோதனை சுத்தமாக வந்தாலும் நம்பி ஏற்றக் கூடாது, இந்தக் கடிதமே சாட்சி என்று எழுதியிருந்தது.

ரெபேக்கா செய்த பரிசோதனையில் தப்பே இல்லை. அந்தக் கடிதத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவரைத் தடுத்திருக்காது. அது இருந்தது என்று சொன்ன ஒரே ஆளும் அவர்தான்.

அதற்குமேல் எல்லாம் அவர்கள் வேலை. ரெபேக்கா கீழே ஓடி, குளிர்பெட்டியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அந்த அடையாளம் இல்லாத இரண்டைப் பொறுக்கி எடுத்தார். மேலே டாக்டரம்மா அதுவரை சலைனையும் கைவேலையையும் வைத்துத் தாக்குப்பிடித்தார். பெண் குழந்தை நன்றாக அழுதது. சாயங்காலம் சுகுணா கண் திறந்தாள் என்று சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.

அன்று கிளம்புமுன் அப்டேட்டோடு வந்த குறிப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். ஆடியில் அதைப் படித்துவிட்டதாகக் கட்டத்தில் டிக் அடித்தவன் நான்தான். முன்னால் வேகம் கூடியது, பாதுகாப்பு கூடியது என்று பெருமைகள். நடுவில் எங்கேயோ ஒரே ஒரு வரி: நிறுத்திவைத்த வேலைகள் இனிமேல் தினசரி ரிப்போர்ட்டில் வராது, திரையை எளிமையாக்குவதற்காக. அவர்கள் மறைக்கவில்லை. எழுதித்தான் இருந்தார்கள். யாரையாவது திட்டலாம் என்றுதான் திறந்தேன், திட்ட ஆள் கிடைக்கவில்லை.

அதனால்தான் போனில் கேட்டவருக்குச் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் என்ன நிறம் இருக்கிறது என்பது அப்புறம். எத்தனை வரி வர வேண்டும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் உங்கள் வாயில் வர வேண்டும். அப்டேட்டுக்கு முந்தின நாள் ரிப்போர்ட்டையும் மறுநாள் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீட்டெடுத்த பிறகு பழைய ஆளைத் திறந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நேற்று வந்த ஆளைத் திறங்கள். இதெல்லாம் அரைமணி நேர வேலை. எட்டு மாதக் காகிதங்கள் எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்து, வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கெஞ்சினோம். கீழே இருந்த போர்டை நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன்.

ஆபத்து அன்றோடு முடியவில்லை. கால் பை இறங்கியிருந்தது அல்லவா. ஐந்தாம் நாள் சுகுணாவின் கண் மஞ்சளானது, சிறுநீர் டீ நிறத்தில் போனது. உடம்பு பழைய பகையைக் கண்டுபிடித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. அந்தப் பை முழுதாக ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். நான்கு நாள் நான் அந்த வார்டுக்கு வெளியே போய் நர்ஸிடம் நிறம் என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். ஒன்பதாம் நாள்தான் தெளிந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் ரெபேக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய அடியாக இருந்தது.

"அன்னிக்கு எனக்கு அந்த லெட்டர் கண்ணுக்கு முன்னால தெரிஞ்சுது சார். மடிப்பு, சிவப்புக் கோடு, எல்லாம். நீங்க இல்லன்னு சொன்னதும் அது அப்படியே அழிஞ்சுபோச்சு. டெஸ்ட் போட்டுகினு இருக்கறப்ப, நமக்குதான் வயசாவுது, கண்டதையும் நெனச்சுக்கறோம்னு இருந்தேன்."

டிஸ்க்கிலிருந்து போனதைப் பள்ளிப்பட்டு பீரோவிலிருந்து எடுத்துவிட்டோம். நன்றாக ஞாபகம் வைத்திருந்த ஒரு மனுஷியின் தலையிலிருந்து அதை நான் ஒரே வாக்கியத்தில் துடைத்திருக்கிறேன். இதற்கு எந்த மென்பொருளையும் குறை சொல்ல முடியாது.

சுகுணாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று முனிரத்தினம் என் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு பை நிறைய சாத்துக்குடி. மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க ஓடியாந்து நிறுத்தலன்னா என் வூட்டுக்காரி இல்ல சார். எல்லாரும் சொல்றாங்க. எங்க நைனா உங்களப் பாத்து கும்புடு போட்டுட்டு வாடான்னாரு."

ஒன்றும் சொல்லாமல் தலையாட்டியிருக்கலாம். விசாரணை முடிந்திருந்தது, அவரிடம் யாரும் எதுவும் விளக்கப்போவதில்லை. அவர் கூப்பிய கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. உட்காரச் சொன்னேன். ஆடியில் நிறுத்தியதிலிருந்து பத்து நிமிடம் டிஸ்க்கோடு மல்லுக்கட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்போ, பேப்பர் இருந்துச்சுன்னு ஒருத்தவங்க சொன்னாங்க."

"ஆங். ரெபேக்கா மேடம்."

"நீங்க இல்லன்னீங்க."

"ஆங்."

"அவங்க எங்க இருக்காங்க சார்?"

"முதல் மாடி. ரத்த வங்கி."

என்னைத் திட்டவில்லை. எழுந்தார். மேஜைமேல் வைத்த சாத்துக்குடிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.